தலைக்குள் போன எறும்புகள்

எறும்புகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் மனிதர்களின் தலைக்குள் சொற்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கிடந்தன. எந்தச் சொல் வேண்டுமானாலும் முதலிலிருந்து தேடிக்கொண்டு வரவேண்டும். 'மோர்' என்று கேட்பதற்குள் சோறு ஆறிவிடும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

ஒருநாள் காலையில் மொக்கையன் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் கையருகே விரியன் சுருண்டு கிடப்பதை, கொல்லை வாசலில் நின்ற அவன் மனைவி சடைச்சி பார்த்துவிட்டாள். அம்மா, பால், நிலா, குடம் என்று தேடிக்கொண்டே வந்து அவள் "பாம்பு" என்றபோது அவன் தரையில் கிடந்தான்.

பச்சிலையில் உயிர் பிழைத்தது. வலது கை மட்டும் விளங்காமல் போயிற்று.

"உன்மேல என்ன தப்பு?" என்றான் அவன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று உறியில் வைத்த வெல்லத்தை எறும்புகள் சாரை சாரையாக மொய்த்தன.

"இது இங்கே இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஒருத்தி கண்டுபிடிச்சா. திரும்பும்போது வழியெல்லாம் வாசனை வச்சிட்டு வந்தா" என்றது ஓர் எறும்பு.

"என் தலைக்குள்ளயும் அப்படி வழி போடுவீங்களா?"

எறும்பு யோசித்தது. "போடலாம். பாம்பிலேர்ந்து விஷத்துக்கு, விஷத்திலேர்ந்து பச்சிலைக்கு. ஆனா நடக்காத வழியில வாசனை போயிடும். அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது."

சடைச்சி எறும்புப் புற்றின் மேல் காதை வைத்துப் படுத்தாள். எறும்புகள் வரிசையாக உள்ளே போயின.

மறுவாரம் ஒரு காளை மிரண்டு மொக்கையனை நோக்கி ஓடிவந்தது. கண் பார்த்த மாத்திரத்தில் "காளை" என்று கத்தினாள். அவன் ஒதுங்கிவிட்டான். கேள்விப்பட்ட ஊரார் ஒவ்வொருவராக வந்து புற்றில் காதை வைத்தார்கள்.

எறும்புகள் பக்கத்து வழியில் திரும்பிவிட, உப்பு கேட்கப் போய்ப் புளி கேட்பது அதற்குப் பிறகு சகஜமாயிற்று. அது பரவாயில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து அவளுடைய சிறுவயதுத் தோழி வந்து நின்றபோது பெயர் வரவில்லை. முதல் எழுத்துகூடத் தெரிகிறது, பெயர் வரவில்லை. தோழியின் முகம் வாடிவிட்டது. சடைச்சி தலையைச் சொறிந்து எறும்புகளை அவசரப்படுத்தினாள்.

"பழைய வழி. வாசனையே இல்லை. சுத்திப் போறோம், பொறு" என்றன அவை.

தோழி சாப்பிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சடைச்சி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். வேறு ஏதோ நினைப்பில் இருந்தபோது பெயர் தானாக வந்து விழுந்தது. ஈரக்கையோடு வரப்பில் ஓடினாள்.

"பூவாயி."

தூரத்தில் போய்க்கொண்டிருந்தவள் நின்று திரும்பினாள்.

தெரிந்த பெயர் வராதபோது மனிதர்கள் தலையைச் சொறிவது அந்த நாளிலிருந்துதான்.