ராஜா தலையைச் சுற்றி வெள்ளைச் சதுரம்

ராமபத்ரன் சார் கம்பெனியில் எந்த கம்ப்யூட்டர் கேம் செய்தாலும் அதில் வரும் ராஜாவுக்கு அவர் முகம்தான். இந்தத் தடவை ராஜாவின் தலையைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பணம் போட வந்தவர்கள் திரையைப் பார்த்துச் சிரித்தே விட்டார்கள்.

"யார் இதைச் செஞ்சது?"

ராமபத்ரன் மேஜையைத் தட்டினார். போன கேமில் படத்தை கம்ப்ரெஸ் பண்ணிச் சுருக்கியதில் மீசை கட்டம் கட்டமாகத் தெரிந்தது என்று ஒருவனை வீட்டுக்கே அனுப்பியவர் அவர்.

படங்களைப் பொருத்தும் சுடர்விழி எழுந்தாள். "சார், நீங்க அனுப்பின படம் ஜேபிஜி ஃபைலுங்க. அதுல பின்னணியைக் காலியா விட முடியாது, வெள்ளையா நின்னுடும். நான் பின்னணி காலியா இருக்கற பிஎன்ஜி கேட்டிருந்தேன்."

"அது பிஎன்ஜிதான்! ஃபைல் பேர்ல ஜேபிஜின்னு இருந்ததை அழிச்சு, நானே என் கையால பிஎன்ஜின்னு மாத்தினேன். என்னையே குத்தம் சொல்றியா? இப்பவே உன்னை வேலையை விட்டு எடுக்கறேன்!"

சுடர்விழி நேரே போய், அவர் மேஜை மேலிருந்த 'நிர்வாக இயக்குநர்' பலகையை எடுத்து, ஜன்னலோரப் பூந்தொட்டிக்கு முன்னால் வைத்தாள்.

"பேரை மாத்தியாச்சுங்க சார். இனி என்னை எடுக்கற உத்தரவை இந்தத் தொட்டிதான் போடணும்."

பணம் போட வந்தவர்களில் ஒருவர் தொட்டியைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். ராமபத்ரன் பலகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "நிஜ பிஎன்ஜியையே அனுப்பறேன்" என்று முணுமுணுத்தார்.

சுடர்விழிக்கு வேலை போகவில்லை. இன்றைக்கும் அந்த ஆபீசில் எல்லோரும் ராமபத்ரன் வருகிறாரா என்று கதவை ஒரு தரம் பயந்து பயந்து பார்த்துவிட்டு, முதல் வணக்கத்தைத் தொட்டிக்குத்தான் வைக்கிறார்கள்.