வெள்ளிக்கிழமைக்குள்

ஆலயத்தில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர்களே விசுவாசத்தில் முதிர்ந்தவர்கள் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது தவறு. இந்தப் பிழை இன்னும் பல தலைமுறைகளைக் கெடுப்பதற்கு முன் திருத்திவிடுவது நல்லது. முதல் பெஞ்சுக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறது. பெரும்பாலான சபைகளில் காரணம் அவ்வளவுதான்.

அருமைநாயகம் சார் விதிவிலக்கு. முப்பத்தொரு வருடமாக அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்தது முதிர்ச்சிக்காகத்தான். மின்விசிறி பின்னால் வந்தது.

நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்களுக்கான வேதத் தேர்வில் வருடந்தோறும் முதல் பரிசு அவருக்குத்தான். சபையில் யார் நோயில் விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கட்டிலருகே நிற்பார். நின்று, பயம் என்பது விசுவாசம் வளராததன் அடையாளம் என்று விளக்குவார். நோயாளிகள் யாரும் மறுத்ததில்லை. படுத்திருப்பவர்களால் அதிகம் மறுக்க முடியாது.

அந்தச் சித்திரையில் அவர் மனைவி தயாவதியின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அது திங்கட்கிழமை.

அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. முட்டி போட்டு ஜெபித்தால் வயிறு நடுங்கியது. எழுந்து நின்றால் முட்டியும் சேர்ந்து நடுங்கியது. செவ்வாய்க்கிழமை உபவாசம் இருந்து பார்த்தார். எப்படியும் சோறு இறங்காதவன் சாப்பிடாமல் இருப்பது உபவாசத்தில் சேருமா என்று அதிலும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் ஃபோன் அடித்ததும் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. பேசியவன் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன். தயாவதி துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தை மட்டும் ஒருதரம் பார்த்தாள்.

மாலையில் அவர் போதகரைத் தேடிப் போனார்.

போதகர் கிதியோனுக்கு முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் ஏழாம் வகுப்பில் சார் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திய பையன். குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து சார் அவரை "ஐயா" என்றுதான் அழைப்பார். போன வருடத்திலிருந்து வாரத்தில் ஒருநாள் அவரிடமே வேதம் படிக்க வந்து உட்காருகிறார். அறுபத்துமூன்று வயதில் சீடனாக இருப்பது தன் தாழ்மைக்கு நல்ல சான்று என்று சாருக்கு ஓர் எண்ணம். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போதகர் ஆலயத்தின் பக்கவாசலில் நின்று, சங்கிலி ஜெப அட்டவணையின் கிழிந்த மூலைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அங்கே சங்கிலி ஜெபம் நடக்கும். இந்த வருடம் அது இதே வெள்ளிக்கிழமை. ஆளுக்கு ஒரு மணிநேரம். விரும்பிய நேரத்துக்கு நேராக அவரவர் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு விதி: அடுத்தவர் வந்து பக்கத்தில் முட்டி போடும்வரை முன்னவர் எழுந்திருக்கக் கூடாது. வீட்டில் என்ன நடந்தாலும் சரி, அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். நாற்பது வருடத்தில் சங்கிலி ஒருமுறையும் அறுந்ததில்லை.

"ஐயா, விசுவாசத்துல வளர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் சார்.

"என்ன சார் அவசரம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வளரணும்."

போதகர் சிரிக்கவில்லை. பசை டப்பாவை மூடி வைத்தார்.

சார் எல்லாவற்றையும் கொட்டினார். வயிறு, முட்டி, டம்ளர். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவன் உள்ளே பால்குடிப் பிள்ளையாகவே இருந்திருக்கிறேன் என்றார். இந்த நடுக்கத்தைப் பார்த்தால் தயாவதியின் விசுவாசமும் உடைந்துபோகும்; அதனால் மச்சினன் இம்மானுவேலிடம் அவளைக் காரில் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன் என்றார். அதற்குள் வளர்ந்துவிட்டால் தானே போவதாகவும் சொன்னார்.

போதகர் அட்டவணையைப் பார்த்தார். பத்து முதல் பதினொன்று வரை என்பதற்கு நேராக, அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் 'தே. அருமைநாயகம்' என்றிருந்தது.

"இதை எப்ப எழுதினீங்க சார்?"

"திங்கட்கிழமை சாயங்காலம்."

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த பிறகா?"

சார் பசை காயாத மூலையை விரலால் அழுத்திவிட்டார்.

"மச்சினன் வருவார்னு சொன்னதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

"சரின்னா."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"நாம எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு ரெண்டு தடவை கேட்டா." சாருக்குக் குரல் உயர்ந்தது. "நான் என்ன சினிமாவுக்கா போறேன்? அவளுக்காக முட்டி போடத்தானலே போறேன்."

சொன்னபிறகுதான், வகுப்பில் பையன்களை அதட்டும் அந்த 'லே' அவர் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்ல சார். பெஞ்சுமேல ஏறட்டுமா?"

சாருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்து, பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

போதகர் வாசற்படியில் உட்கார்ந்தார். சாரும் உட்கார்ந்தார்.

"சார், வேதத்துல ஒரு கேள்வி. கெத்செமனே தோட்டத்துல இயேசு கலங்கி நின்னப்ப, சீஷங்க மூணு பேர்கிட்ட என்ன கேட்டாரு?"

தேர்வு என்றதும் சாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. மூன்று பேரின் பெயரையும், அதிகாரத்தையும், வசனத்தையும் சொன்னார். "கூட இருந்து விழிச்சிருக்கும்படி கேட்டாரு."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"தூங்கிட்டாங்க."

"அந்த மூணு பேருக்கும் கை நடுங்கிச்சா?"

முப்பது வருடத் தேர்வுகளில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

"நடுங்கியிருக்காது. தூங்குறவனுக்கு எப்படிக் கை நடுங்கும்?"

சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். அவை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

போதகர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுந்து போய், அட்டவணையில் சாரின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அதன் மேலே தன் பெயரை எழுதினார். அவர் கையெழுத்து ஏழாம் வகுப்பில் இருந்ததைவிடத் தேறியிருக்கவில்லை.

"ஐயா, நான் இன்னும் வளரலையே," என்றார் சார். "அவ பக்கத்துல உக்காந்து, அங்கயும் இப்படியே நடுங்கிக்கிட்டு இருந்தா?"

"நடுங்குங்க சார். அங்க உக்காந்து நடுங்குங்க."



வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முப்பத்தேழாம் நம்பர். மையால் எழுதிய டோக்கன் சீட்டு தயாவதியின் உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கையை ஒன்றேகால் மணிநேரம் சார் விடாமல் பிடித்திருந்தார். உள்ளே கூப்பிட்டபோது சீட்டில் நம்பர் வியர்வையில் கரைந்துபோயிருந்தது. நர்ஸ் வேறொன்று எழுதிக் கொடுத்தாள்.