தலையில் சேறு சுமந்த பன்றி

குழந்தைகளே, இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு மாலி நாட்டுக்குப் போய்வந்த ஒருவர் என் அத்தையிடம் சொன்னார். அத்தை என்னிடம் சொன்னார். வழியில் ஏதாவது உதிர்ந்திருக்கலாம்.

அந்த நாட்டில், ஒரு காட்டில், ஜாரா என்ற சிங்கம் அரசாண்டது. அதன் அவையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. மன்னர் முன் வருபவர் தம் தலையில் புழுதி தூவி வணங்க வேண்டும். மன்னரோடு யாரும் நேராகப் பேசக் கூடாது. பேசினால் காட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள். குடிகள் சொல்வதைக் கொண்டைக் கொக்குதான் மன்னர் காதில் சொல்லும். மன்னர் மெல்லச் சொல்வதையும் அதுதான் உரக்க அறிவிக்கும்.

ஓராண்டு மழை பொய்த்தது. குளங்கள் வெடித்துக் கிடந்தன.

"நாளை விடிந்ததும் எல்லோரும் பெரிய ஆற்றுக்குப் புறப்பட வேண்டும்! ஏழு நாள் நடை!" என்று கொக்கு அறிவித்தது.

காட்டுப்பன்றி தன் குட்டிகளைப் பார்த்தது. அதன் மூன்று குட்டிகளும் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஏழு நாள் எப்படி நடக்கும்? அன்று மாலைவரை அது வறண்ட ஓடையைக் கிளறிக்கொண்டே இருந்தது. அத்திமரத்தடியில் மூக்கில் ஈரம் பட்டது. இன்னும் தோண்டியது. நீர் கசிந்தது.

அவைக்கு ஓடி, புழுதி தூவி வணங்கியது. "கொக்கு ஐயா, ஓடையில் தண்ணீர் ஊறுகிறது! மன்னரிடம் சொல்லுங்கள்."

கொக்கு ஒற்றைக் காலில் நிமிர்ந்தது. "யானைக்கே தெரியாத தண்ணீர் உனக்குத் தெரிந்துவிட்டதோ? கிழங்கு தோண்டுகிற மூக்கு, பேச்சைப் பார்!"

"வந்து பாருங்கள், ஐயா."

"சேற்றில் கால் வைக்கவா? போ, போ. மன்னர் காது உனக்காகத் திறந்து வைத்த பொந்து இல்லை."

பன்றி திரும்பி நடந்தது. வழியெல்லாம் யோசித்தது. 'என் பேச்சைத்தான் கொக்கு தடுக்கும். என் வணக்கத்தைத் தடுக்க முடியாதே!'

விடிந்தது. விலங்குகள் மூட்டை முடிச்சோடு மன்னர் முன் வரிசையாக நின்று, புழுதி தூவி வணங்கின. பன்றியின் முறை வந்தது. அது ஓடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஈரமண் உருண்டையைத் தலையில் வைத்து அழுத்தியது. குழைந்த சேறு கண்ணிலும் கன்னத்திலும் வழிந்தது. ஒரு சொட்டு மன்னரின் பாதத்தில் விழுந்தது.

"ஐயோ, அவமதிப்பு!" என்று கொக்கு கூவியது. "மன்னர் முன் சேறா?"

"நான் ஒன்றும் பேசவில்லையே, ஐயா. புழுதிதான் தூவினேன். எங்கள் ஓடையில் புழுதி இப்படித்தான் இருக்கிறது."

சிங்கம் பாதத்தை முகர்ந்தது. நக்கிப் பார்த்தது. பிறகு, யாரும் கேட்டிராத தன் குரலில், தானே கேட்டது: "எந்த ஓடை?"

"எந்த ஓடை என்று மன்னர் கேட்கிறார்!" என்றது கொக்கு, பழக்கதோஷத்தில்.

"பன்றிக்குக் கேட்டுவிட்டது. நீ சற்றுச் சும்மா இரு" என்றது சிங்கம்.

பன்றி முன்னே நடக்க, எல்லோரும் பின்னே போனார்கள். யானைகள் அத்திமரத்தடியில் தோண்டின. உச்சிப்பொழுதுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூட்டைகள் அவிழ்ந்தன. முதலில் மூன்று குட்டிகளும் குடித்தன.

கொக்கு கடைசியாக வந்து குனிந்தது. கொண்டை முழுக்கச் சேறு அப்பிக்கொண்டது.

அந்த இரண்டு வழக்கங்களும் உண்மைதானா என்று பிறகு நூலகத்தில் தேடினேன். ஏறக்குறைய அறுநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் மாலி மன்னரின் அவையைப் பார்த்த ஒரு பயணி இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார். பன்றியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நீதி: எளியவர் சொல்லை வாசலிலேயே மறிப்பவர், தம் தாகத்துக்கான தண்ணீரையும் மறிக்கிறார்.