ஒன்பது ‘ஐ’ வரும் வார்த்தை

கோவில்பட்டியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் குரு ஒருத்தர் இருந்தார். பெயர் மெஹருன்னிசா. வயது முப்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். கடலை மிட்டாய் பொதிகிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர்கள், வீட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள். ராத்திரிச் சமையலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மாடியேறி வந்து இங்கிலீஷ் படித்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது வார்த்தை கொண்டுவருகிறவள் அதன் அர்த்தத்தை வாயால் சொல்லக் கூடாது. செய்து காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டால் அது வார்த்தை. இல்லாவிட்டால் வெறும் சத்தம்.

அந்த வருஷம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் அம்மாக்களுக்கு வார்த்தைப் போட்டி அறிவித்தது. எழுத்து இங்கிலீஷ் ‘ஐ’. அது நிறைய வருகிற நீள வார்த்தையாக இருக்க வேண்டும். இரண்டு பேராக மேடையேற வேண்டும். ஒருத்தி வார்த்தையைச் சொல்வாள், கூட நிற்பவள் தமிழில் அர்த்தம் சொல்வாள். ஒரு இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு ஜோடிதான்.

மாடி வகுப்பில் படிக்கும் செண்பகவல்லிக்குத் தூக்கமே போய்விட்டது. அது அவள் மகன் படிக்கும் பள்ளிக்கூடம்.

போன பெற்றோர் கூட்டத்தில் மிஸ் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். செண்பகவல்லி சிரித்த முகமாக, “யெஸ் மிஸ், டெய்லி” என்றாள். உங்கள் பையன் பிள்ளைகளைக் கடிப்பானா என்பதுதான் கேள்வி. ஹாலே சிரித்தது. அந்த ஹாலில்தான் போட்டி.

யார் போவது என்று வகுப்பில் தேர்ந்தெடுக்கிற நாளன்று மாடி கொள்ளவில்லை.

சுப்புத்தாய் முதலில் எழுந்தாள். “இன்விசிபிலிட்டி!” என்றாள். முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். கதவுக்கு வெளியே அவள் வயிறு மட்டும் தெரிந்தது.

“ஒளிஞ்சிருக்கா!”

“கண்ணுக்குத் தெரியாம இருக்கறது!”

“எங்க தெரியாம இருக்கு? பாதி ஆளு தெரியுதே!”

குருவும் சிரித்துவிட்டார். வார்த்தை பட்டியலில் ஏறியது.

அடுத்து கிரேசி. “ட்விங்க்ளிங்!” சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

“கண்ணு சிமிட்டுற நேரம்!”

“யாரைப் பாத்துடி சிமிட்டுன?”

அதுவும் ஏறியது.

செண்பகவல்லி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“ஃப்ளாக்ஸி நாஸி நிஹிலி பிலிஃபிகேஷன்!”

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“யம்மாடி,” என்றாள் சுப்புத்தாய். “மறுபடி ஒருக்கா சொல்லு.”

சொன்னாள். திக்கவில்லை, திணறவில்லை. குரு கரும்பலகையில் எழுதினார். பலகை ஓரம்வரை போனது. எல்லோரும் ‘ஐ’யை எண்ணினார்கள். ஒன்பது! கைதட்டல் மில் சத்தத்தை அமுக்கியது.

“செண்பகம், இப்ப அர்த்தம்,” என்றார் குரு.

செண்பகவல்லி காற்றில் விளக்குமாறு பிடித்துப் பெருக்கினாள்.

“வீடு கூட்டுறது!”

அவள் தலையாட்டி மறுத்தாள். எதையோ எடுத்துப் பார்த்து மூலையில் எறிந்தாள்.

“குப்பை!”

“ஊசிப்போன சட்னி!”

இல்லை. மூக்கைப் பிடித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கையைக் கழுவினாள்.

“மாமியார் வந்துட்டாங்க!”

மாடி குலுங்கிச் சிரித்தது. செண்பகவல்லிக்கு நெற்றி வேர்த்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

“டீச்சர், இவ்வளவு நீளத்துக்கு வேற யாரும் கொண்டுவரலயே. இதுக்குமா இந்த விளையாட்டு?”

“உக்காருங்க. நேரம் இருக்கு,” என்றார் குரு.

அவள் உட்கார்ந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

அப்போது கடைசி வரிசையில் வெயிலுகந்தாள் எழுந்தாள். மிட்டாய்க் கம்பெனியில் வேலை. வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இதுவரை வாயே திறந்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“டீச்சர், நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். நம்ம தினம் சொல்றதுதான், அது இங்கிலீஷுன்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது. ரெண்டு ‘ஐ’ வருது!”

“சொல்லு வெயிலு.”

“டிஃபின்!”

சொல்லிவிட்டு, இல்லாத தூக்குவாளியை மடியில் வைத்து, இல்லாத மூடியைத் திருகித் திறக்கத் தொடங்கினாள்.

செண்பகவல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ப்ச்” என்றாள். புறங்கையை எடுத்து, இலையில் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிற மாதிரி, வெயிலு இருந்த பக்கம் ஒரு வீசு வீசினாள்.

கிரேசி துள்ளி எழுந்தாள்.

“டீச்சர்! இதான்! செண்பகம் வார்த்தை இதான்!”

“எது?”

“இப்பக் கைய வீசினாளே! ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தள்ளுறது!”

“ஆமா! அலட்சியம்!”

“இளக்காரம்! இளக்காரமா நெனைக்கறது!” என்று கத்தினாள் சுப்புத்தாய்.

குரு தலையசைத்தார். “அதேதான். ஒண்ணுக்கும் உதவாதுன்னு ஒதுக்கறது.”

மாடி கிடுகிடுத்தது. கீழே மில்காரர் என்னவோ ஏதோவென்று படியேறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செண்பகவல்லிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் கையைத் தானே பார்த்தாள். புரிந்ததும் குதித்தாள். சுப்புத்தாயைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

“ஏறிடுச்சு! யக்கா, ஏறிடுச்சு! அந்த ஹால்ல போய் நிக்கப் போறேன்!”

“மிஸ்ஸு கேட்டா யெஸ் டெய்லின்னு சொல்லிராத!”

எல்லோரும் கைதட்டினார்கள். வெயிலுவும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக. அதுவரை அவள் கை அந்த மூடியைப் பிடித்தபடியே இருந்தது. டிஃபினை யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

சத்தம் அடங்கியதும் செண்பகவல்லி குருவிடம் ஓடினாள்.

“டீச்சர், அப்ப நான்தானே போறேன்?”

“நீங்கதான் போறீங்க. அதைவிடப் பெரிய வார்த்தை இங்க இல்லை.”

“கூட அர்த்தம் சொல்ல ஆள் வேணுமே. கிரேசி வரட்டுமா? அவ காலேஜ் வரைக்கும் போனவ. நல்லாப் பேசுவா.”

குரு கரும்பலகையைப் பார்த்தார்.

“வெயிலு வரட்டும்,” என்றார்.

“வெயிலா? டீச்சர், அவளுக்கு இந்த வார்த்தையைச் சொல்லவே வராதே!”

“சொல்றதுக்கு நீங்க இருக்கீங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு இன்னைக்கு அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.”