மூக்காயி காக்காய்க்கு வெச்ச சோறு

இந்தக் கதையை எங்கேயாவது மாத்திச் சொல்லிடுவேனோன்னு எனக்குப் பயமாத்தான் இருக்கு. முன்னாடி வர்றதைப் பின்னாடி சொல்லி, தப்பிச்சவங்க கதைக்குள்ளேயே மாட்டிக்கிட்டா யாரு போய் எடுக்கிறது? அதனாலே நடுவுலே பேச்சுக் குடுக்காமக் கேளுங்க.

ஒரு ஊர்லே நாப்பது வீடு இருந்துச்சாம். ஏழு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆண்ட மகாராசா ஒருத்தன், ஊர்க் கிணத்துக்கெல்லாம் மூடி போட்டுக் காவக்காரனை உக்கார வெச்சானாம். தண்ணி வேணும்னா கோழி கொடுன்னான் காவக்காரன். கொடுத்தாங்க. அப்புறம் ஆடு கொடுன்னான். கொடுத்தாங்க. அப்புறம், வீட்டுக்கு ஒரு பிள்ளையை அரண்மனைக்கு அனுப்புன்னான். பக்கத்து ஊர்லேர்ந்து அப்படிப் போன பிள்ளை ஒண்ணுகூடத் திரும்பலே.

அந்த ஊர்லே மூக்காயின்னு ஒருத்தி. புருசன் இல்லே. சடைச்சின்னு ஏழு வயசு மக, அவ ஒருத்திதான். அந்தப் பிள்ளையைக் கேட்டா எதைக் காட்டித் தப்பிக்கிறதுன்னு மூக்காயிக்கு நெஞ்சு பதறிச்சு.

ஊர்ப் பெரியவர் ஆண்டப்பன் எல்லாரையும் கூட்டி, உடைமரக் காட்டுக்குள்ளேயே நடந்து எல்லையைத் தாண்டிடுவோம்னார். மூணு விசயம் சொன்னார். அடுப்பு மூட்டாதீங்க, சத்தம் போடாதீங்க, காக்காய்க்குச் சோறு வெக்காதீங்க. ஏன்னா அந்த நாட்டுக் காக்காய் அத்தனையும் ராசாவோட ஆளு. சேதி கொண்டு போனா அரண்மனையிலே கறி போடுவாங்க.

புளிச்சோத்தைக் கட்டிக்கிட்டு நாப்பது வீடும் கிளம்பிருச்சு. முதல் நாள் உச்சி வெயில்லே மூட்டையைப் பிரிச்சா, மூக்காயிக்குக் கை வாய்க்குப் போகலே. அவ அம்மா செத்த நாள்லேர்ந்து காக்காய்க்கு ஒரு பிடி வெக்காம அவ சாப்பிட்டதே இல்லே. அம்மாதான் காக்காயா வர்றாங்கிற நினைப்பு. நீங்களா இருந்தா வெச்சிருக்க மாட்டீங்களா? அவ புதர் மறைவுக்குப் போயி, இலையிலே ஒரு பிடி வெச்சா. காக்காயும் வந்துச்சு, சாப்பிட்டுச்சு.

"நான் உன் அம்மா இல்லே மூக்காயி, அரண்மனைக் காக்கா. நாப்பது வீடும் சேர்ந்து எங்கே போறீங்க?"

தேன் எடுக்கப் போறோம்னா அவ. "கைக்குழந்தையும் மரம் ஏறுமா?"ன்னுச்சு காக்கா. நாளைக்கு உன் பங்கு முழுசையும் வெச்சா உங்களைப் பாக்கவே இல்லேன்னு இருந்துடுவேன்னுச்சு.

ரெண்டாம் நாள் தன் பங்கு முழுசையும் வெச்சுட்டு, வயிறு சரியில்லேன்னு மககிட்டே பொய் சொன்னா. நாளைக்கு உன் மக பங்குன்னுச்சு காக்கா. மூணாம் நாள் அதையும் வெச்சா. பிள்ளை பசியிலே அழுதுச்சு. காக்கா அலகைத் துடைச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "நாளைக்கு அவ கண்ணு ஒண்ணு கொடு. ஒண்ணு போதும், மத்தது அவளுக்கே இருக்கட்டும்."

அப்பத்தான் மூக்காயிக்கு உறைச்சுது, இதுவும் அந்தக் காவக்காரன் மாதிரிதான், கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கும்னு. ஆண்டப்பன்கிட்டே போயி எல்லாத்தையும் சொன்னா.

"முன்னாடியே ஏன் சொல்லலே புள்ளே?"

"திட்டுவீங்கன்னுதான் மாமா."

இவளையும் காக்காயையும் இங்கேயே விட்டுட்டுப் போவோம்னு சில பேர் சொன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கே. அப்ப மூக்காயி, "அது என்னைத் தேடாது மாமா, சோத்தைத்தான் தேடும்"னு சொல்லி எதிர்த்தாப்லே கையைக் காட்டினா.

அங்கேதான் நாட்டோட எல்லை. எல்லை முழுக்கப் புதைசேறு. மேலே பச்சைப் பாசி படர்ந்து, பாத்தாப் புல்லுத்தரை மாதிரியே இருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் ஏரி. எல்லாருமாச் சேர்ந்து பனையோலையை வெட்டிப் பின்னினாங்க.

மறுநாள் காக்கா வந்து கண்ணைக் கேட்டுச்சு. மூக்காயி மகளை மடியிலே இறுக்கிக்கிட்டா. "தர மாட்டேன். போய்ச் சொல்லிக்கோ"ன்னா. காக்கா விர்ருன்னு பறந்துருச்சு.

அது அரண்மனைப் பக்கம் போனதும், இவங்க ஓலையைச் சேத்துக்கு மேலே விரிச்சு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வயித்தாலே ஊர்ந்து போனாங்க. மூக்காயி கடைசியாப் போனா. ஆண்டப்பன் மூட்டையிலே மிச்சம் இருந்தது மூணே பிடி சோறு, அதை அவ கையிலே குடுத்திருந்தார். எனக்கு ஒரு வாய் குடும்மான்னு சடைச்சி கேட்டப்ப அவளுக்குக் குலையே அறுந்துச்சு, ஆனா குடுக்கலே. கரையோரத்துலே ஒரு பிடி, கொஞ்சம் தள்ளி ஒரு பிடி, நட்ட நடுவுலே ஒரு பிடின்னு இலையிலே வெச்சு, ஓலையை உருவிக்கிட்டே போய்க் கோரைக்குள்ளே பதுங்கிட்டா.

விடிஞ்சதும் ராசாவே வந்துட்டான். ஏன் அவனே வந்தான்? அவன் நாட்டுலே எல்லாரும் கை நீட்டி வாங்குறவங்க, சேவகனை அனுப்பினா அவனும் எதையாவது வாங்கிக்கிட்டு விட்டுடுவான்னு பயம். முன்னாடி ராசாவோட தேர், பின்னாடி படை. கரையிலே வந்து அவன் யோசிச்சான்.

"அதோ சோறு இருக்கு பாருங்க மகாராசா. அவ நடந்து போய்த்தானே வெச்சிருப்பா? தரை கெட்டிதான்"னுச்சு காக்கா.

தேரை விட்டான். முதல் பிடிகிட்டே சக்கரம் முங்குச்சு. குதிரையை அடிச்சான். ரெண்டாம் பிடிகிட்டே குதிரை முங்குச்சு. இறங்கித் தாவினான். மூணாம் பிடிகிட்டே இடுப்பு வரைக்கும் போயிட்டான். படை கரையிலேயே நின்னுச்சு. கை குடுங்கடான்னு கத்துனா, என்ன தருவீங்க மகாராசான்னு கேட்டாங்களாம். காக்கா மட்டும் அந்தச் சோத்தைக் கொத்த இறங்குச்சு. ராசா அதோட காலைப் பிடிச்சுக்கிட்டான். "நீ சொல்லித்தானேடா வந்தேன்"னான். ரெண்டும் ஒண்ணாவே உள்ளே போயிருச்சு.

நாப்பது வீடும் அந்த ஏரிக்கரையிலே குடிசை போட்டுச்சு. அந்தக் கரை சனங்க எல்லாரும் அவங்க வழி வந்தவங்கதான். முதல் சோறு பொங்கின அன்னிக்கு எங்கிருந்தோ நாலு காக்கா வந்து கூரையிலே உக்காந்து கத்துச்சு. அதுலே எது அம்மா, எது அரண்மனைன்னு யாரு கண்டா? மூக்காயி கதவைச் சாத்திட்டு, முதல் பிடியை எடுத்துக்கிட்டு நேரா ஏரிக்குப் போனா. முழங்கால் தண்ணியிலே நின்னு கையை விரிச்சா. மீன் வந்து மொய்ச்சுது.

"இனிமே இப்படியே வாம்மா. மீனுன்னா யாருகிட்டேயும் போய்ச் சொல்லாது"ன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் மகளை உக்கார வெச்சு, அவளும் வயிறாரச் சாப்பிட்டா.