‘ஈரச் சுவர்’ எடுபடாத கதை

‘செவ்வாய்ச் சந்தை’ என்ற ராக் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘ஈரச் சுவர்’ என்று பெயர். பெயர் வைத்த நேரமோ என்னவோ, வரவேற்பு நமத்த பட்டாசாகப் போய்விட்டது.

முதல் ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் இதை ஏசக்கூட இல்லை. ஏசியிருந்தால் திருமாறன் தாங்கியிருப்பான். குழுவில் பாட்டெழுதிப் பாடுபவன் அவன்தான். “குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு தரம் கேட்கவும் தோன்றவில்லை” என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒலிப்பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு ரெஜினாவின் ஸ்டூடியோவுக்குப் போனான். அவனுக்கு ஒலிப்பதிவு கற்றுக்கொடுத்தவள் அவள். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்துநாலு. அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். வித்தைக்கு முன்னால் வயசு எங்கே நிற்கும்?

“இதுல என்ன குறை டீச்சர்?”

அவள் மூன்றாவது பாட்டைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

“டிரம்ஸ் யாருண்ணா? சகாயம் அண்ணன் மாதிரி இல்லையே.”

“கம்ப்யூட்டர்ல போட்டது.”

“அவர் வாசிக்கலையா?”

“எல்லாப் பாட்டுக்கும் வாசிச்சான். மணிக்கட்டு உடைஞ்சதுல இருந்து அவன் அடி கொஞ்சம் பிந்தி விழுது. அதான் எடுத்துட்டு, மத்த வாத்தியத்தையெல்லாம் கம்ப்யூட்டர் தாளத்துக்கு இழுத்துச் சரி பண்ணோம்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

திருமாறனும் டிரம்ஸ் வாசிக்கும் சகாயமும் பதினாறு வருஷம் ஒரே வேனில் ஊர் ஊராகப் போனவர்கள். அவனிடம் சொல்லத் திருமாறனுக்கு வாய் வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டான். அந்த நாளை வரவே இல்லை.

“ஆல்பம் வந்த அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரியும். சொந்தக்காரங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்கார வெச்சு, போட்டுக் காட்டியிருக்கான்.”

“அப்புறம் பேசுனீங்களா?”

“என்னன்னு பேசுறது டீச்சர்?”

ரெஜினா பாட்டை ஓட்டி, ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்தத் தொடங்கினாள். கிடாரை நிறுத்தினாள். பேஸ் கிடாரை நிறுத்தினாள். கம்ப்யூட்டர் டிரம்ஸை நிறுத்தினாள். அவன் குரல் மட்டும் மிஞ்சியது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி. அங்கே நிறுத்தி, ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றி, மறுபடி ஓட்டினாள்.

இரைச்சலுக்கு அடியில் டிக், டிக் என்று ஏதோ தட்டியது. மெலிதாக, ஒரு மயிரிழை பிந்தி.

“இது யாருண்ணா?”

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“சகாயம்.”

“எடுத்துட்டதா சொன்னீங்களே.”

“பாடும்போது ஹெட்போன்ல அவன் வாசிச்சதைக் கேட்டுத்தான் பாடினேன். அது கசிஞ்சு என் மைக்குக்குள்ள போயிருக்கு.”

“இதையும் எடுத்துடலாமா?”

“வராது டீச்சர். குரலோட ஒட்டிக்கிட்டிருக்கு.”

அவள் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அந்தத் தட்டல் கேட்டது. தன் குரல் எங்கெல்லாம் ஒரு கணம் தயங்கி, அந்த அடி விழுந்த பிறகே எழுந்திருக்கிறது என்று அவன் இப்போதுதான் கேட்டான். இத்தனை நாளும் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தான். வெட்கத்தில் காது சுட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு சட்டென்று நிமிர்ந்தான். மூன்று வாரமாக இருண்டு கிடந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“அவன் வாசிச்சது எல்லாம் இந்த டிஸ்க்லயே பத்திரமா இருக்கு டீச்சர். அதைத் திரும்பப் போட்டு, ஆல்பத்தை இன்னொரு தரம் வெளியிட்டா? ஜனங்களுக்குப் பிடிக்குமா?”

ரெஜினா பாட்டை நிறுத்தினாள். டிஸ்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“இப்பவும் ஜனங்களைப் பத்தித்தான் கேக்குறீங்கண்ணா.”