வெட்பாலை இலையில் இரும்பு படக்கூடாது

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. வாய் இருக்கிற எல்லாரையும் போல அவையும் நல்லது கெட்டது பேசின, கோபித்துக்கொண்டன, நாலு நாள் முகம் கொடுக்காமலும் இருந்தன. ஆனால் பாலைக்குன்று என்ற ஊருக்கு மேற்கே நின்ற வெட்பாலை மரங்கள் மட்டும் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அரிவாளோடு போய்க் கிளையை வெட்டி, இலையை அள்ளிக் கொதிக்கிற தாழியில் போட்டால் போதும், தண்ணீர் ஊதாவாகிவிடும். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரை ஆண்ட வல்லரையன் கண்ணில் அந்த ஊதா பட்டது. பட்ட அன்றே முரசு அறைந்தார்கள். ஊதாத் துணியை அரையன் வீட்டார் மட்டும்தான் உடுத்தலாம், வேறு யாராவது உடுத்தினால் துணியை உருவிக்கொண்டு ஊரைவிட்டுத் துரத்துவார்கள் என்று சொன்னார்கள். ஒரு நிறத்துக்கு வேலி போட்ட மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? இவன் போட்டான். அதோடு விடாமல் ஆற்றங்கரையில் நாற்பது தாழி வைத்துச் சாயப்பட்டறையும் கட்டினான். தாழிக்கு ஒருத்தியாக நாற்பது பெண்கள் அங்கே வேலை செய்தார்கள்.

அதில் ஒருத்தி மாராயி. பன்னிரண்டு வருஷமாக அவள் கை, சாயம் பிடிப்பதற்காகக் கலக்கும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் சாம்பல் தண்ணீரிலுமே ஊறிக் கிடந்தது. முதலில் விரலிடுக்கில் அரித்தது. பிறகு முழங்கை மடிப்பில், பிறகு கழுத்தில். சொரிந்தால் நீர் வடிந்தது, காய்ந்தால் வெடித்தது, வெடித்த இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. கரப்பான் என்றார்கள்.

கரப்பான் வந்தவளுக்கு வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? சுவரில் இருந்த பல்லி, கத்தரிக்காயை விடு என்றது. எதிர்வீட்டுக்காரி, கருவாட்டை விடு என்றாள். மாராயியின் புருஷன் சடையன் எதையும் விடச் சொல்லவில்லை, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளி என்றான். அந்தப் பேச்சைக் கேட்டுக் குளித்த அன்று அரிப்பு இரண்டு பங்காயிற்று. கடைசியில் அவளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தாள். பச்சைத் தண்ணீர்க் குளியல், தேய்க்கப் பாசிப்பயற்று மாவு, உடம்பில் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். கொஞ்சம் அடங்கியது. கருவாட்டையும் விட்டுப் பார்த்தாள், அதில்தான் அவளுக்கு ரொம்ப வருத்தம்.

ஒருநாள் காலையில் வல்லரையன் பட்டறையைப் பார்க்க வந்தான். மாராயி துணியைப் பிழிந்து நீட்டினாள். துணியைப் பார்க்க வந்தவன் கையைப் பார்த்தான்.

"இது என்ன, தொத்து நோயா?"

"தொத்தாதுங்க எசமான். இத்தன வருசமா என் வீட்டுக்காரரு ஒரே தட்டுலதான் சாப்பிடறாரு. அவருக்கு ஒரு பொட்டுகூட வரல."

"எனக்குக் கதை வேண்டாம். பௌர்ணமி அன்றைக்குத் திருவிழா. அதற்குள் தோல் சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். இந்தக் கையோடு இனிமேல் ஊர்க் கிணற்றில் குடம் இறக்கக்கூடாது."

மாராயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தக் கை உங்க தாழியில வந்த கைங்க. போகச் சொல்றதா இருந்தா தாழியத்தான் போகச் சொல்லணும்" என்றாள்.

சொல்லிவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொன்பது பேரும் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு தாழிக்குள் குனிந்தார்கள். பட்டறைக் கங்காணி வந்து மாராயியின் இடுப்பிலிருந்த இலை வெட்டும் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான். பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. சடையனும் நாலு வயது மகள் சிட்டும் ஊரில் இருக்கலாம், தோல் ஆறாவிட்டால் மாராயி மட்டும்தான் போக வேண்டும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குன்றுக்குப் போய், இருக்கிறதிலேயே கிழட்டு வெட்பாலையின் அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துத் தலையைத் தூக்கியபோதுதான் மரத்தைச் சரியாகப் பார்த்தாள். அடியிலிருந்து நுனிவரை வெட்டுக்காயம். ஒவ்வொரு காயத்திலும் பால் வடிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"உனக்கும் என்னை மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தானே காரணம்" என்றது மரம். "அரிவாள் எங்கே?"

"பிடுங்கிட்டாங்க."

"பன்னிரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் இரும்பில்லாமல் வந்திருக்கிறாய், தாயி. கையால் பறித்துக்கொள். தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வை. அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதே. இவர்கள் தீயில் வேகவைத்து நிறத்தை எடுத்துக்கொண்டு மருந்தைக் கொன்றுவிட்டார்கள்."

"ஒம்பது நாள்தான் இருக்கு. அடுப்புல வச்சா சீக்கிரம் ஆவுமே?"

"அவசரப்பட்டு ஆக்கியதால்தானே உன் கை இப்படி இருக்கிறது. வெயில் பார்த்துக்கொள்ளும், நீ சும்மா இரு."

மாராயி ஒவ்வொரு இலையாகக் காம்போடு பறித்தாள். வீட்டுக்கு வந்து ஒரு மண்சட்டியில் போட்டு, இலை மூழ்க எண்ணெய் ஊற்றி, வாசலில் வெயில் படும் இடத்தில் வைத்தாள். கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை, "என்ன மாராயி, சூரியனை அடுப்பாக்கிச் சமையலா?" என்று கேலி பண்ணியது. "உனக்குப் பங்கில்ல, போ" என்றாள். சாயங்காலம் போய்ப் பார்த்தாள். சட்டியில் எண்ணெய் அரையன் வீட்டுப் பட்டுத்துணியைவிட நல்ல ஊதாவாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டி வடிகட்டிக் கையிலும் கழுத்திலும் பூசினாள்.

பூசிய அன்று அரிப்பு குறைந்தது. இரண்டாம் நாள் நீர் வடிவது நின்றது. ஐந்தாம் நாள் வெடிப்பு மூடிக்கொண்டது, அவள் சிட்டுவை மடியில் போட்டுத் தலை வாரிவிட்டாள். குழந்தை கை சொரசொரவென்று இருக்கிறது என்று நெளியவில்லை. ஆனால் விரல் நுனியிலிருந்து கழுத்துவரை மாராயி ஊதாவாக இருந்தாள்.

சடையன் பயந்துபோனான். "ஏ புள்ள, இது நோயைவிட மோசம். நோய்க்கு ஊரைவிட்டுத்தான் அனுப்புவான், இந்த நிறத்தப் பாத்தா என்ன பண்ணுவானோ. ராத்திரி பூசி விடியறதுக்குள்ள கழுவிடு."

"ஒளிஞ்சு ஒளிஞ்சு பூச நான் என்ன திருடிட்டா வந்தேன்? என் தோலு, என் மருந்து. பகல்லயே பூசுவேன்."

"நாளைக்குத் திருவிழாவுக்கு வீட்டுக்குள்ளயாவது இரு."

"அதான் முடியாது. நாளைக்குத்தான் தெருவுல நடக்கப் போறேன். வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா கதவச் சாத்திக்கிட்டு உக்காருங்க."

அன்று மத்தியானமே பட்டறைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொல்லைப்புறம் வந்தார்கள். முந்தானையை விலக்கிக் காட்டினார்கள். எல்லார் கையிலும் அதே கரப்பான்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"அன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று மாராயி சீறினாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "சரி, எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. இதப் பூசிக்கிட்டவ யாரும் இனிமே முந்தானையால மூடக்கூடாது. மூடறதா இருந்தா இப்பவே போயிடுங்க."

யாரும் போகவில்லை.

பௌர்ணமி அன்று காலை வல்லரையன் ஊதாப் பட்டு உடுத்திப் பல்லக்கில் வந்தான். தெரு திரும்பியதும் பல்லக்கு நின்றது, மேளமும் நின்றது. எதிரே மாராயி நடுத்தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். முரட்டு வெள்ளைச் சேலை, அதற்கு வெளியே தெரிந்த உடம்பெல்லாம் ஊதா. இடுப்பில் வெறுங்குடம்.

"என் நிறத்தை உடுத்த உனக்கு என்ன துணிச்சல்?" என்று வல்லரையன் கத்தினான். "டேய், அவளைப் பிடித்து உருவுங்கள்."

காவலாள் இரண்டு அடி வைத்தான்.

"எதைங்க உருவச் சொல்றீங்க?" என்றாள் மாராயி. "நான் உடுத்தியிருக்கறது வெள்ளத் துணி. உங்க சட்டம் துணிக்குத்தான். இந்த ஊதா என் தோல்ல இருக்கு. தோல உரிக்க உங்ககிட்ட ஆள் இருந்தா வரச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன். சுத்தமாகணும்னு சொன்னீங்க, ஆயிட்டேன். வெடிப்பு எங்க இருக்குன்னு நீங்களே இறங்கி வந்து பாருங்க."

காவலாள் அவளைப் பார்த்தான், அரையனைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அப்போது தெருவின் இருபுறத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி, இன்னொருத்தி, கடைசியில் முப்பத்தொன்பது பேர். எல்லார் கையும் ஊதா. யாரும் மூடவில்லை.

"எல்லாரையும் துரத்து" என்றான் வல்லரையன்.

கங்காணி கிட்டப் போய் மெதுவாகச் சொன்னான். "துரத்தலாம் அரசே. நாளைக்குத் தாழியில் யார் கையை விடுவது, நீங்களா நானா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

வல்லரையன் பல்லக்கின் திரையை இழுத்து மூடிக்கொண்டான். மாராயி பல்லக்கைச் சுற்றிக்கொண்டு போய், ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கி, நிறைய மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று அவள் நினைத்த சடையன், சிட்டுவைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றிருந்தான்.

மனுஷியிடம் தோற்ற வல்லரையன் மரத்திடம் வீரத்தைக் காட்டப் போனான். அத்தனை வெட்பாலையையும் மொட்டையடித்து இலையெல்லாம் தாழிக்குக் கொண்டுவரச் சொன்னான். நூறு அரிவாள் குன்றில் ஏறின. வண்டி வண்டியாக இலை வந்தது. மூன்று நாள் அடுப்பெரித்தார்கள், எரித்த விறகு ஒரு காடு இருக்கும். தாழியில் கழுநீர் மாதிரி ஒரு பச்சைத் தண்ணீர்தான் நின்றது. வல்லரையன் குன்றுக்கே ஓடி, நிறம் எங்கே என்று கேட்டான்.

"இருக்கிறது" என்றது கிழட்டு மரம். "இரும்போடு வருகிறவனுக்கு இல்லை. தீயில் போடுகிறவனுக்கு இல்லை. வெறுங்கையோடு அரிப்பெடுத்து வருகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும்." மரம் பேசியது அதுதான் கடைசி. பிறகு அவன் எவ்வளவு மிரட்டியும் அது வாயைத் திறக்கவில்லை.

அவனுடைய ஊதாப் பட்டு துவைக்கத் துவைக்க வெளுத்துச் சாம்பல் நிறமானது. மாராயியின் கரப்பான் ஒரேயடியாக ஒழிந்ததா என்று கேட்டால், இல்லை. பனி வந்தால் எட்டிப் பார்க்கும், அவள் கருவாட்டில் கை வைத்தாலும் எட்டிப் பார்க்கும். வந்தபோதெல்லாம் சட்டியை வெயிலில் வைத்து, பகலிலேயே பூசிக்கொண்டு, கிணற்றடிக்குப் போனாள்.

அன்றைக்குத் தொடங்கித்தான் வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் பறிக்கிறார்கள், அடுப்பில் ஏற்றாமல் வெயிலில் காட்டுகிறார்கள். அரையன் ஒருவனுக்கென்று வேலி போட்ட அந்த ஊதாவும் அன்றைக்குத் தொடங்கித்தான் கரப்பான் வந்தவர்களின் தோலில் ஊரறியத் தெருவில் நடக்கிறது.